புட்பக விமானத்தில் பங்கு வாங்குவோர்

இராவணன் ஏறித் திரிந்ததாகப் புராணிகர் கூறும் புட்பக விமானத்தைப் பற்றிக் கேளாத தமிழர் இலர். அவ்விமானத்திற்கு எண்ணெய் வேண்டுவதில்லை, ஓட்டுபவன் வேண்டுவதில்லை, நினைத்த மாத்திரத்தில் எழும்பும், எத்துணைப் பேர் ஏறினும் இன்னும் ஒருவர்க்கு இடம் காலியாகவே இருக்கும். இதனைப் பொய்க்கதை என்று எள்ளி நகையாடுவது சீர்திருத்தம் பேசும் நமக்குப் பழக்கம். ஆயின் அன்பர்களே, அதே புட்பக விமானத்தை மெய்யென்று நம்பும் படித்தவர் கூட்டம் ஒன்று பூச்சோங்கிலும் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நாளுக்கு நாள் வளர்ந்து வருதலை நாம் கவனித்தோமா? அவர்கள் கையில் இருப்பது ஏட்டுச் சுவடியன்று, கைத்தொலைபேசி. அவர்களுக்குக் கதை சொல்பவன் புராணிகனல்லன், பங்குத் தரகன். அவர்தம் நம்பிக்கையோ புராணத்திற்குச் சற்றும் குறைந்ததன்று: விமானம் என்றென்றும் பறக்கும், அதன் புகைக்கு எவரும் விலை கேளார், ஆதலின் விமானக் கம்பெனியில் போட்ட பணம் தானே பெருகும் என்பதாம்.

சென்ற சம்பள நாளன்று, குலை வெட்டும் தோழர் ஒருவர் ஆபீசுக்கு வந்து, கையொப்பமிட்ட பின்னும் போகாமல் நின்றார். "கிராணி ஐயா, சேமநிதியில் மூன்றாம் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதில் கிடக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளியை எடுத்து விமானப் பங்கு வாங்கலாமா? இப்போது மலிவாம். மகள் கல்லூரிக்குப் போகும்போது பத்து மடங்காகிவிடுமாம்" என்று வினவினார். ஊழியர் சேமநிதி வாரியம் எந்நேரமும் எடுக்கத்தக்க அக்கணக்கை 2024 மே மாதத்தில் திறந்தது முதல் இவ்வினாவைப் பலர் வாயிலும் கேட்டு வருகின்றோம். "வேண்டாம் அண்ணே" என்று ஒரே சொல்லில் விடையிறுத்து அனுப்பினோம். அவர் முகம் வாடிற்று. 'படித்தவன் தான் மட்டும் ஏறுவான், நம்மை ஏறவிடான்' என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். அவ்வெண்ணத்திற்கு இடங்கொடுத்தது எமது பிழை. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னிருக்கும் கணக்கை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கெழுதுவோர் முதலில் பழைய ஏட்டைப் புரட்டுவர். நாமும் அதையே செய்வோம். மலேசிய ஏர்லைன்ஸ் என்னும் நம் நாட்டுக் கம்பெனி, 1972 இல் சிங்கப்பூருடன் பாகப்பிரிவினை செய்துகொண்டு தனித்துப் பறக்கத் தொடங்கியது. 1994 இல் அதன் பெரும்பங்கு, பங்கொன்று 8 வெள்ளி வீதம், தனியார் கைக்குச் சென்றது. கம்பெனி கடனில் மூழ்கிற்று. 2001 இல் சர்க்காரே அப்பங்குகளை ஏறத்தாழ 179 கோடி வெள்ளி கொடுத்துத் திரும்ப வாங்கியது. சந்தையில் அதன் விலை பாதிக்கும் கீழே கிடந்தபோது, சர்க்கார் கொடுத்த விலை மட்டும் அதே 8 வெள்ளி! 2014 இல் மார்ச்சிலும் ஜூலையிலும் நேர்ந்த இரு பெருந்துயரங்களை உலகறியும். ஆயினும் அவற்றிற்கு முன்னரே கம்பெனி நட்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு கசானா நேஷனல் 600 கோடி வெள்ளித் திட்டம் ஒன்றை வகுத்து, சிறு பங்குதாரர்க்குப் பங்கொன்றுக்கு 27 காசு கொடுத்து, கம்பெனியைச் சந்தையினின்றும் விலக்கிற்று. ஏறத்தாழ 6,000 தொழிலாளர் வேலையிழந்தனர். 2021 இல் மீண்டும் கடன் சீரமைப்பு நடந்தது. 1,500 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட சுமை குறைக்கப்பட்டது. கசானா மேலும் 360 கோடி வெள்ளி தர முன்வந்தது. நிற்க, 2023 இல் அக்குழுமம் 76 கோடி வெள்ளிக்கு மேல் இலாபங் கண்டது. அதனை மறைப்பது நேர்மையன்று. அதற்கடுத்த ஆண்டின் இலாபம் 5 கோடியே 40 இலட்சம் என்பதை மறைப்பதும் நேர்மையன்று.

"அது சர்க்கார் கம்பெனி, தனியார் சாமர்த்தியத்தைப் பாரும்" என்பர் சிலர். பார்ப்போம். 2001 இல் ஒரே ஒரு வெள்ளிக்கு, 4 கோடி வெள்ளிக் கடனோடு வாங்கப்பட்ட ஏர் ஆசியா, மலிவுக் கட்டணத்தால் ஒரு புரட்சியே செய்தது. திருச்சிக்கும் சென்னைக்கும் போய்வர ஆண்டுக்கணக்கில் சேமித்த நம்மவர், சில மாதச் சேமிப்பில் போய்வந்தனர். தாயின் இறுதிச் சடங்கிற்கு மறுநாளே போய்ச் சேர்ந்தவர் உண்டு. இந்நன்மையை மறப்பவன் நன்றி கொன்றவன். ஆயினும் பயணிக்கு நன்மை என்பது வேறு, பங்குதாரர்க்கு இலாபம் என்பது வேறு. அக்குடும்பத்தின் தொலைதூரக் கம்பெனியாகிய ஏர் ஆசியா எக்ஸ், 2013 இல் பங்கொன்றை 1 வெள்ளி 25 காசுக்கு மக்களுக்கு விற்றது. 2021 இல் தன் கடன்காரரிடம் 3,365 கோடி வெள்ளி அளவான பொறுப்புகளுக்கு நூற்றுக்கு அரை வெள்ளி தருவதாகக் கூறிச் சம்மதம் பெற்றது. பங்கு மூலதனத்தில் ஆயிரத்துக்கு 999 பங்கு அழிக்கப்பட்டது. கம்பெனி பிழைத்தது, மீண்டும் பறந்தது. 1 வெள்ளி 25 காசு கொடுத்தவர் பணம் யாது ஆயிற்று என்பதை அவரையே கேளுங்கள்.

இது நம் நாட்டின் தலையெழுத்தென்று எண்ணற்க. இந்தியாவில் கிங்பிஷர் 2012 இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 இல் நின்றது. கோ பர்ஸ்ட் 2023 இல் நின்றது. 1953 இல் தேசவுடைமையாக்கப்பட்ட ஏர் இந்தியா, மலையென வளர்ந்த கடனுக்குப் பின், 2022 இல் டாட்டாவிடமே திரும்பிற்று. அமெரிக்காவில் பங்குச் சந்தையின் குருவெனப் போற்றப்படும் வாரன் பபெட்டின் கம்பெனி, நான்கு பெரும் விமானக் கம்பெனிகளில் வைத்திருந்த பங்குகளனைத்தையும் 2020 இல் விற்று விலகிற்று. அவ்வோராண்டில் மட்டும் உலக விமானக் கம்பெனிகளின் நட்டம் 13,000 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது.

காரணம் யாது? விமானக் கம்பெனி விற்கும் சரக்கு, மாலைக்குள் வாடும் பூவினும் மென்மையானது. கதவு மூடிய நொடியில் காலி நாற்காலி செத்த சரக்காகிவிடும். புராணத்து விமானத்தில் ஓர் இடம் காலியாயிருத்தல் பெருமை. கம்பெனியின் விமானத்தில் அது நட்டம். ஆதலின் ஒருவரோடொருவர் போட்டியிட்டுக் கட்டணத்தை அறுத்துக்கொள்கின்றனர். விமானமோ கடனிலும் வாடகையிலும் வந்தது. எண்ணெய் விலை அவர் கையில் இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2025 ஆம் ஆண்டின் நடுவில் மதிப்பிட்டபடி, அவ்வாண்டில் ஒரு பயணியிடம் கிடைக்கும் நிகர இலாபம் ஏறத்தாழ 7 அமெரிக்க டாலர். பிரிக்பீல்ட்சில் இருவர் வாழையிலைச் சாப்பாடு உண்டால் தீர்ந்துவிடும் தொகை! நூறு வெள்ளி வருமானத்தில் மூன்று வெள்ளி எழுபது காசு. இதுவும் நல்லாண்டின் கணக்கு.

இதுகாறும் கூறியது பழங்கணக்கு. இனிப் புதுக்கணக்கைத் திறப்போம். அதன் தலைப்பு புகை.

ஒரு கிலோ விமான எண்ணெய் எரிந்தால், காற்றிலுள்ள பிராணவாயுவையும் சேர்த்துக்கொண்டு, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவாக வெளிப்படுகின்றது. உலகத்தார் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கு விமானங்களினுடையது. இப்புகைக்கு இத்தனை காலமும் விலையில்லை. 1944 ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கை, வந்திறங்கும் விமானத்தின் தொட்டியிலுள்ள எண்ணெய்க்குத் தீர்வை கூடாதென்றது. அதன்மேல் நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள், வெளிநாடு செல்லும் விமானத்தின் எண்ணெயை வரியினின்று ஏறக்குறைய முற்றும் விடுவித்தன. போர் முடியும் தறுவாயில், பச்சிளங்குழந்தையாயிருந்த தொழிலுக்கு அளித்த தொட்டிற்பால் அது. குழந்தைக்கு எண்பது வயதாகியும் பால் நிற்கவில்லை!

இப்போதுதான் தொட்டிலை அசைக்கத் தொடங்கியிருக்கின்றனர். சர்வதேச சிவில் விமான நிறுவனம் 2016 இல் ஏற்ற கோர்சியா என்னும் திட்டத்தின்படி, 2019 ஆம் ஆண்டுப் புகையில் நூற்றுக்கு 85 பங்கிற்கு மேற்பட்டதை வேறு வழியில் ஈடுசெய்தல் வேண்டும். மலேசியா 2021 முதல் இதில் தானே முன்வந்து சேர்ந்தது. 2027 முதல் பெரும்பாலான நாடுகளுக்கு இது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குட்பட்ட பயணங்களுக்கு விமானக் கம்பெனிகளுக்கு வழங்கிவந்த இலவசப் புகையனுமதியை 2026 உடன் ஒழித்தது. அங்கு ஏற்றும் எண்ணெயில் 2025 இல் நூற்றுக்கு இரண்டு, 2030 இல் ஆறு, 2050 இல் எழுபது பங்கு, பழைய சமையலெண்ணெய் முதலிய கழிவுகளினின்றும் பிற வழிகளிலும் செய்யப்படும் பசுமை எரிபொருளாயிருத்தல் வேண்டுமென்று சட்டமியற்றிற்று. சிங்கப்பூர் 2026 க்கு நூற்றுக்கு ஒன்று என்று இலக்கு வைத்து, அதற்கெனப் பயணிகளிடம் தீர்வை தண்டத் திட்டமிட்டது. நம் சர்க்காரும் 2023 இல் வெளியிட்ட தேசிய எரிசக்தி மாற்ற வழிகாட்டியில், நூற்றுக்கு ஒன்றில் தொடங்கி 2050 இல் 47 என்று எழுதி வைத்திருக்கின்றது.

இதனைப் பேரேட்டில் எழுதிப் பார்ப்போம். நூறு வெள்ளி வருமானத்தில் எண்ணெய்க்கு ஏறத்தாழ 25 வெள்ளி போகின்றது. பசுமை எரிபொருளின் விலை பழைய எண்ணெயைப் போல் இரண்டு மடங்கு முதல் ஐந்து மடங்கு வரை என்பர். நாம் நடுவே மூன்று மடங்கென்று வைத்துக்கொள்வோம். எண்ணெயில் நூற்றுக்கு ஆறு பங்கு மும்மடங்கு விலையாயின், எண்ணெய்ச் செலவு நூற்றுக்குப் பன்னிரண்டு ஏறும். 25 வெள்ளி 28 ஆகும். மூன்று வெள்ளி எழுபது காசு இலாபத்தில் மூன்று வெள்ளி பறந்துபோகும். மிச்சம் எழுபது காசு! நூற்றுக்கு எழுபது பங்கு என்னும் நாள் வரின், எண்ணெய்ச் செலவு 25 இலிருந்து 60 ஆகும். அந்த முப்பத்தைந்து வெள்ளி எங்கிருந்து வரும்? வானத்திலிருந்தா?

இங்கே ஒரு தடை எழுப்புவர். "அவையெல்லாம் 2050 ஆம் ஆண்டுப் பேச்சு. நாளைக் கதையை இன்றைக்கு ஏன் பேசுகின்றீர்?" என்பர். ஒரு விமானம் இருபது, இருபத்தைந்து ஆண்டு பறப்பதற்கென வாங்கப்படுகின்றது. இன்று கடன்பட்டு வாங்கும் விமானம் அந்த 2050 ஐ நெருங்கிய பின்னரே ஓய்வு பெறும். செம்பனைக் கன்று நடுபவன் இருபத்தைந்து ஆண்டுக் கணக்கைப் பாராமல் நடுவானா? நட்ட நிலத்தின் வழியே சாலை வரப்போகின்றதென்று சர்க்கார் முன்னதாகவே அறிவித்த பின்னும், "சாலை வரும்போது பார்த்துக்கொள்வோம்" என்பவன் தோட்டக்காரனா?

"செலவைப் பயணியின் தலையில் ஏற்றிவிடுவர், பங்குதாரர்க்குக் குறைவு வாராது" என்பது இரண்டாம் தடை. ஏற்றலாம். ஆனால் ஏழையும் பறக்கலாமென்று கூவி அழைத்துத்தானே மலிவு விமானத் தொழில் வளர்ந்தது? கட்டணம் ஏறினால் முதலில் இறங்குபவன் அவ்வேழையே. திருச்சிக்கு ஆண்டுதோறும் போனவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை போவார். கூட்டம் குறையுமாயின், கூட்டத்தை நம்பி வாங்கிய நூற்றுக்கணக்கான விமானங்களின் தவணையை யார் கட்டுவது?

"விஞ்ஞானம் வழி காட்டும்" என்பது மூன்றாம் தடை. விஞ்ஞானத்தை நாம் போற்றுகின்றோம். எனவேதான் அதன் அளவுகளையும் மதிக்கின்றோம். மலேசிய ஏர்லைன்ஸ் 2022 ஜூனில், பழைய சமையலெண்ணெயினின்று செய்த எரிபொருளைக் கலந்து சிங்கப்பூருக்குப் பறந்து காட்டிற்று. ஜொகூர்ப் பெங்கெராங்கில் ஆண்டுக்கு 6,50,000 டன் கழிவெண்ணெய் முதலியவற்றைப் பதப்படுத்தும் ஆலைக்கு 2024 இல் முடிவெடுத்து, 2028 க்குள் இயக்கத் திட்டமிட்டனர். இவை நற்செய்திகளே. ஆயினும் 2024 இல் உலகமெங்கும் உற்பத்தியான பசுமை எரிபொருள் ஏறத்தாழ 10 இலட்சம் டன். விமானங்கள் குடித்த எண்ணெயில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு. கடலைக் கரண்டியால் முகப்பது போல! இதில் நம் தோட்டத்தார்க்கு ஒரு சொல்: "செம்பனை எண்ணெயே விமான எண்ணெயாகும், நமக்கு நல்ல காலம்" என்னும் பேச்சை நம்பி மயங்கற்க. ஐரோப்பியச் சட்டம் உணவுப் பயிர்களின் எண்ணெயை இக்கணக்கில் ஏற்பதில்லை. தோட்டத்தைக் கேள்வி கேட்கும் அதே கண்தான் விமானத்தையும் கேள்வி கேட்கின்றது.

நான்காம் தடை சற்று வலியது. "அரசியல்வாதிகள் அஞ்சிப் பின்வாங்குவர், 2012 இல் ஐரோப்பாவே வெளிநாட்டு விமானங்களுக்கு விதித்த புகைவிலையை உலக எதிர்ப்புக் கண்டு நிறுத்தி வைத்ததன்றோ?" என்பர். உண்மை. மீண்டும் பின்வாங்குதலும் கூடும். ஆனால் தள்ளிவைத்த கடன் தள்ளுபடியான கடனாகாது. பின்வாங்கிய ஐரோப்பா பின்னர் இன்னும் கடுமையான சட்டத்தோடு வந்தமை கண்டோம். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியபோது, ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரையேறி நின்ற நம் மக்கள், வானம் ஒத்திவைப்புக்குச் செவிசாய்க்காது என்பதை நேரிற் கண்டனர். அவ்வெள்ளத்தை விமானப் புகை ஒன்றே விளைத்ததென்று நாம் கூறவில்லை. காற்று சூடேறுந்தோறும் பெருமழைகள் வலுக்கின்றன என்பது விஞ்ஞானிகள் தெளிந்த உண்மை. வெள்ளம் மிகுந்தோறும் புகைக்கு விலை கேட்கும் குரலும் மிகும், குறையாது. எந்த ஆண்டில், எந்த நாட்டில், எவ்வளவு என்று தெரியாதிருப்பதே பங்குதாரர்க்குப் பெருங்கேடு. பெரும் முதலாளி அத்தகைய ஐயத்தைப் பத்துத் தொழிலில் பரப்பித் தாங்குவான். இரண்டாயிரம் வெள்ளிக்காரன் எதனால் தாங்குவான்?

இனி எல்லாவற்றினும் முக்கியமான விஷயத்திற்கு வருவோம். "நான் பங்கு வாங்கவில்லை, எனக்கென்ன?" என்று இருப்பவரே, உம் பணம் உம்மைக் கேளாமலே விமானத்தில் ஏறிவிட்டது! கசானாவின் செல்வம் குடிமக்களின் செல்வம். அதன் வாயிலாக மலேசிய ஏர்லைன்ஸின் நட்டத்தை நாம் எல்லோரும் பல முறை சுமந்தோம். 2025 தொடக்கத்தில் நாட்டின் விமான நிலையக் கம்பெனியைப் பங்கொன்று 11 வெள்ளி வீதம், ஏறத்தாழ 1,840 கோடி வெள்ளி மதிப்பிட்டு வாங்கிய கூட்டில், கசானாவுக்கு நூற்றுக்கு 40 பங்கு, ஊழியர் சேமநிதிக்கு 30 பங்கு, எஞ்சியது வெளிநாட்டார்க்கு. சேமநிதி யாருடையது? மாதந்தோறும் நூற்றுக்கு 11 வீதம் சம்பளத்திற் பிடித்துக் கணக்கெழுதும் எமக்குத் தெரியும் அது யாருடையதென்று. முள் குத்திய கைகளுடையது அது. சிப்பாங்கில் செம்பனைத் தோட்டங்கள் கிடந்த ஏறத்தாழ 25,000 ஏக்கரில் 1998 இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தில், இப்போது தோட்டத் தொழிலாளியின் முதுமைக்காலக் கஞ்சியும் முதலாகப் போடப்பட்டிருக்கின்றது.

விமான நிலையம் விமானக் கம்பெனியன்று என்பது எமக்குத் தெரியும். இரண்டனுள் இதுவே உறுதி மிக்கது என்பதையும் ஒப்புகின்றோம். ஆயினும் அதன் வருமானமும் பயணியின் தலையை எண்ணி வருவதே. பயணியை வரவேற்கும் அதே சர்க்கார், 2050 இல் புகையைத் துடைப்போம் என்றும் உறுதி கூறுகின்றது. இரண்டு உறுதியும் ஒரே பேரேட்டில் எங்கே சந்திக்கின்றன? அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள் என்பதே நாம் கேட்பது. சேமநிதியும் கசானாவும், புகைக்கு டன் ஒன்றுக்கு இன்ன விலை வருமாயின் இம்முதலீட்டின் வருமானம் இவ்வளவு குறையும் என்னும் கணக்கை ஆண்டுதோறும் சந்தாதாரர் விளங்கும் மொழியில், தமிழிலும், வெளியிடல் வேண்டும். இனி ஒரு விமானக் கம்பெனி வீழ்ந்து மக்கள் பணத்தால் தூக்கப்படுமாயின், தொழிலாளர் பாதுகாப்பும் புகைக்குறைப்பும் எழுத்தில் பெற்ற பின்னரே காசு கொடுத்தல் வேண்டும். சபா, சரவாக் உள்நாடுகளில் விமானமே பேருந்து. அங்குப் பறப்பதற்குச் சர்க்கார் உதவுதல் தருமமன்று, கடமை. அதனைச் சேவையென்று பெயரிட்டு நேராகச் செலவெழுதுக. இலாபம் வருமென்று ஆசை காட்டி முதியோர் சேமிப்பை இழுக்கற்க. புகைக்குத் தீர்வை விதிக்கும் நாளில், மாதந்தோறும் முதல் வகுப்பிற் பறப்பவனும், தாயைப் பார்க்க மூன்றாண்டுக்கொரு முறை திருச்சி செல்பவளும் ஒரே தொகை கட்டுதல் நீதியாகாது.

நம் சமூகத்திற்குப் பணம் சேர்க்கத் தெரியாதென்று சொல்பவர் வரலாறு அறியாதவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளர் தோட்டம் வாங்கினர். கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் அவ்வாறு வந்த தோட்டம். அன்று எழுத்தறியாதவர் அவருட் பலர். ஆயினும் தாம் வாங்குவது எத்தனை ஏக்கர், எத்தனை மரம், பால் எவ்வளவு என்பதைக் கேட்காமல் அவர் வெள்ளி கொடுக்கவில்லை. மரத்தைத் தொட்டறிந்தவர் அவர். இன்று எழுத்தறிந்த நாம், ஒரு கம்பெனியின் கடன் எவ்வளவு, விமானங்களின் வயது என்ன, புகைக்கு விலை வந்தால் என்னாகும் என்னும் மூன்றே கேள்வியைக் கேளாமல், தரகன் சொன்ன "பத்து மடங்கு" என்னும் மந்திரத்தை உருப்போடுகின்றோம். சாதகம் பார்ப்பதை விட்டோம் என்று பெருமை பேசுகின்றோம். பங்கு விலைக்கோட்டில் சாதகம் பார்க்கின்றோம். எவ்வகையில் உயர்ந்தோம்?

குலை வெட்டும் தோழரே, அன்று ஒரு சொல்லில் நிறுத்தியதற்கு மன்னிக்க. விமானத்தில் ஏறாதீர் என்று நாம் கூறவில்லை. உம் மகளோடு ஏறுங்கள். அவள் பாட்டன் பிறந்த ஊரைக் காட்டுங்கள். அது உம் உரிமை. அவளுடைய கல்லூரிப் பணத்தை மட்டும் ஏற்றாதீர். அது தரையிலேயே, சேமநிதிக் கணக்கிலேயே கிடக்கட்டும். அந்தச் சேமநிதியை ஆள்பவரை நோக்கி நாம் இருவரும் சேர்ந்து கேள்வி கேட்போம். அடுத்த சம்பள நாளன்று சற்று முன்னதாகவே ஆபீசுக்கு வாருங்கள். நூறு வெள்ளிக் கணக்கை உம் கையாலேயே எழுதிப் பார்க்கத் தாளும் பென்சிலும் எடுத்து வைத்திருக்கின்றோம்.